சின்ன ஓடைக்குச் சின்னக் கோல் போதும்!

செஞ்சி வட்டாரத்தில், வல்லம் பக்கம் ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டால் போதும். சிறுவர்கள் கையில் தூண்டில் முளைத்துவிடும். ஒரு மூங்கில் கழி. அதன் நுனியில் நரம்பு. நரம்பில் மயிலிறகுத் தண்டை நறுக்கிக் கட்டிய தக்கை. முள்ளில் மண்புழு. மொத்தச் செலவு, ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கும் காசு. மாலைக்குள் கெண்டை, குறவை, கெளுத்தி, ஜிலேபி என்று ஒரு கோர்வை மீன் வீட்டுக்குப் போய்விடும்.

இதே பையன் வளர்கிறான். உத்தியோகம் பார்க்கிறான். கையில் நாலு காசு சேர்கிறது. நீலகிரி மலைக்குப் போய் டிரவுட் மீன் பிடிக்க வேண்டும் என்று ஆசை வருகிறது. ஆசை தப்பில்லை. அடுத்து நடப்பதுதான் தப்பு!

பளபளக்கும் படங்களைப் பார்க்கிறான். ஒன்பது அடி நீளக் கோல். நூறு அடி தூரம் வீசும் என்கிறார்கள். விலையைக் கேட்டால் ஒரு மாதச் சம்பளம். "விலை கூடினால் சரக்கு நல்லதாகத்தான் இருக்கும்" என்று வாங்கி விடுகிறான். உதகைக்குப் போய் ஓடைக்கரையில் நின்றால் ஓடையின் அகலம் பத்தடி! தலைக்கு மேலே சோலை மரம். பின்னால் புதர். ஒன்பது அடிக் கோலைத் தூக்கினால் கிளையில் மாட்டுகிறது. இறக்கினால் எதிர்க்கரையில் இடிக்கிறது. மீன் ஓடியே போய்விடுகிறது.

சின்ன ஓடைக்கு எந்தக் கோல்? இலேசான கோல், குட்டையான கோல், நிதானமாக வளையும் கோல். விலை உயர்ந்த கோல் என்பது அதில் எங்கும் இல்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத் தலைகீழாகவே செய்கிறார்கள்.

துரைமார் கொண்டு வந்த மீன்

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே பிழைக்கும் சீமை மீன். நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு மலை பிடித்தது, குளிர் பிடித்தது. ஓடையில் டிரவுட் இல்லையே என்ற குறை மட்டும் தீரவில்லை. 1860-களிலேயே முயற்சி தொடங்கிவிட்டது. சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்தவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே முயன்று பார்த்தார். உதகை தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவரும் முயன்றார். கப்பலில் பனிக்கட்டிக்கு நடுவே முட்டை வந்தாலும், மலை ஏறுவதற்குள் கெட்டுவிட்டால் என்ன செய்வது? பழுப்பு டிரவுட் நீலகிரியில் நிலைக்கவில்லை.

கடைசியில் ஜெயித்தவர் எச்.சி. வில்சன். சென்னை சர்க்காரின் மீன் நிபுணர். அவர் காலத்தில், 1907-ல், அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அவர் நம்பியது வானவில் டிரவுட் என்ற ஜாதி. அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் பிறந்த மீன் அது. உடம்பின் பக்கவாட்டில் செம்பட்டை ஓடும். பழுப்பு டிரவுட்டைவிட வெப்பத்தைச் சற்றுத் தாங்கும். அது நீலகிரியில் வேரூன்றிவிட்டது. காஷ்மீரில் கதை வேறு. அங்கே 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு டிரவுட் முட்டைகளே பிழைத்துக்கொண்டன.

துரைமார் மீனைக் கொண்டு வருவதற்கு முன்பே சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டார்கள் என்பது வேடிக்கை. நீலகிரி வேட்டைச் சங்கம் 1877-ல் பிறந்தது. வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கும் நீலகிரிச் சட்டம் 1879-ல் வந்தது. எந்த மாதம் பிடிக்கலாம், யார் பிடிக்கலாம் என்று கட்டு ஏற்பட்டது. அந்தக் கட்டு இல்லாமல் இருந்தால் பின்னால் வந்த டிரவுட்டும் தங்கியிராது. துரைமார் செய்ததில் இதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோல் எறிவதில்லை, கயிறு எறிகிறது

கோலைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு விஷயம் விளங்க வேண்டும். வல்லத்துப் பையனின் தூண்டிலில் புழுவும் தக்கையும் கனமாக இருக்கும். அந்தக் கனமே நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். டிரவுட்டுக்கு வீசுவது புழு அல்ல. சிறு முள்ளில் இறகும் ரோமமும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சி. அதற்கு எடையே கிடையாது. கையில் எடுத்து எறிந்தால் இரண்டடிகூடப் போகாது.

பிறகு எப்படிப் போகிறது? கயிறு கொண்டு போகிறது. இந்தத் தூண்டிலில் கயிறே கனமானது. கோல் பின்னால் போகும்போது கயிறு காற்றில் நீள்கிறது. அதன் பாரத்தில் கோல் வில்லைப்போல வளைகிறது. முன்னால் கொண்டு வந்து நிறுத்தினால் வில் நிமிர்கிறது. கயிறு வளையமாக உருண்டு முன்னே விரிகிறது. அதன் முனையில் மெல்லிய நரம்பு. நரம்பின் முனையில் பூச்சி. சாட்டை சொடுக்கத் தெரிந்த வண்டிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கயிற்றின் எடை. அதற்கு ஏற்ற கோல் பிறகு. இதற்கு அமெரிக்காவில் 1961-ல் ஓர் அளவுமுறை வகுத்தார்கள். அதற்கு முன் பட்டுக் கயிற்றின் பருமனை எழுத்துகளால் குறித்துவந்தார்கள். நைலான் வந்த பிறகு ஒரே பருமனுள்ள இரண்டு கயிறுகள் இரண்டு எடையாக இருந்தன. குழப்பம் மிஞ்சியது. ஆகவே கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்து, அந்த எடைக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்தார்கள். கோலின் அடியில் எழுதியிருக்கும் எண் அதுதான்.

இதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதில் பிடிபடும். ஒரு சவரன் 8 கிராம். 4-ம் எண் கயிற்றின் முதல் 30 அடி ஏறக்குறைய ஒரு சவரன் எடை. 3-ம் எண் 6.5 கிராம், முக்கால் சவரனுக்குக் கொஞ்சம் மேலே. 1-ம் எண் அரைச் சவரன். 6-ம் எண் ஒன்றேகால் சவரனைத் தாண்டும். முப்பதடிக் கயிற்றின் எடையே இவ்வளவுதான்!

இங்கேதான் சின்ன ஓடைக்காரர் ஏமாறுகிறார். அந்தக் கணக்கு 30 அடிக் கயிறு வெளியே நீண்டிருக்கும்போது சரி. பத்தடி அகல ஓடையில் யார் 30 அடி வீசப் போகிறார்கள்? மீன் இருப்பது இருபதடி தூரத்தில். அதில் கோல் ஏழடி போயிற்று. முனை நரம்பு ஏழடி போயிற்று. கோலின் நுனிக்கு வெளியே நிற்கும் கயிறு ஆறடியோ எட்டடியோதான். அதன் பாரம் கால் சவரன்கூடத் தேறுவது சந்தேகம். விறைப்பான கோல் அந்தப் பாரத்துக்கு வளையுமா? கடப்பாரையில் கயிறு கட்டி வீசுவதுபோல இருக்கும்.

விற்பவர்கள் "வேகக் கோல்" என்று புகழ்வது இந்த விறைப்புக் கோலைத்தான். பெரிய ஏரியில், எதிர்காற்றில், அறுபது எழுபதடி வீசுகிறவருக்கு அது ராஜா. ஓடைக்காரருக்கு அது வீண். ஓடைக்கு வேண்டியது அடிவரைக்கும் நிதானமாக வளைகிற கோல். சற்றுச் "சோம்பலான" கோல் என்று சொன்னாலும் தப்பில்லை. ஏற்கெனவே விறைப்புக் கோலை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு பரிகாரம் உண்டு. ஓர் எண் கூடுதலான கயிற்றைப் போட்டுக்கொள்ளலாம். 3-ம் எண் கோலில் 4-ம் எண் கயிறு. கோல் கொஞ்சம் இணங்கும்.

ஏழடியா, ஒன்பதடியா?

நீளத்தில் எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. ஓடையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நீலகிரியின் மேல்மலை ஓடை இரண்டு முகம் உடையது. கொஞ்ச தூரம் புல்வெளி நடுவே போகும். பிறகு திடீரென்று சோலைக்குள் நுழையும். சோலைக்குள் மரங்கள் குட்டை. கிளைகள் பாசி படர்ந்து தலைக்கு மேலே கூரை போட்டிருக்கும். கரையில் காட்டுப் பூவரசு வளைந்து நிற்கும். போதாததற்கு, பிற்காலத்தில் நட்ட சீகை மரங்கள் வேறு. இப்படிப்பட்ட இடத்துக்கு ஆறரை அடியிலிருந்து ஏழரை அடி வரை போதும். எண் 3 அல்லது 4.

புல்வெளியில் மரத்தொல்லை இல்லை. காற்றுத்தொல்லை உண்டு. மேல்பவானிப் பக்கம் மத்தியானம் எழும் காற்றில் 2-ம் எண் கயிறு பட்டம்போல் ஆடும். அங்கே எட்டடிக் கோலும் 4-ம் எண்ணும் நல்லது. நீண்ட கோலுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நடு ஓடையின் வேகத் தண்ணீரில் கயிறு படாமல் தூக்கிப் பிடிக்கலாம். கயிறு படாவிட்டால் பூச்சி இயல்பாக மிதக்கும். இழுபடும் பூச்சியை டிரவுட் தொடாது.

அவலாஞ்சி, எமரால்டு போன்ற அணைத் தேக்கங்களில் மீன் பிடிக்கிறவருக்குத்தான் ஒன்பதடியும் 5-ம் எண் 6-ம் எண்ணும். அது வேறு வேலை. இரண்டையும் ஒரே கோலால் செய்ய நினைக்கிறவர் ஏழரை எட்டடியில் 4-ம் எண் வாங்கினால் ஓரளவு சமாளிக்கலாம். ஒரே ஒரு கோல் வாங்க வசதியுள்ளவருக்கு அதுவே தக்கது.

நாலு துண்டாகப் பிரிகிற கோலாகப் பார்ப்பது நல்லது. ஏழடிக் கோல் நாலு துண்டானால் ஒவ்வொன்றும் இரண்டடிக்கு உள்ளே அடங்கும். செஞ்சியில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறி, மேட்டுப்பாளையத்தில் மலைரயில் பிடிக்கிறவருக்கு அந்த அருமை தெரியும்.

கல்மூங்கில் கப்பலேறிய கதை

"கோல் என்றால் சீமைச் சரக்குத்தான்" என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

சீமைக்காரர்கள் உயர்வாகப் போற்றுவது பிளவு மூங்கில் கோல். முற்றிய மூங்கிலைப் பிளந்து, முக்கோணச் சிம்புகளாகச் சீவி, ஆறு சிம்புகளைச் சேர்த்து ஒட்டுவார்கள். அறுகோணமாக ஒரே கோல் கிடைக்கும். அமெரிக்காவில் மெயின் ராஜ்யத்தைச் சேர்ந்த ஹைரம் லெனார்டு 1870-களில் இதில் பெரும் பெயர் எடுத்தார்.

அந்த மூங்கில் எங்கிருந்து போயிற்று தெரியுமா? இந்தியாவிலிருந்து! "கல்கத்தா மூங்கில்" என்று அதற்குப் பெயர். நம் ஊரில் கல்மூங்கில் என்கிறோமே, சிலம்பக் கம்புக்குத் தேடி வெட்டுகிறோமே, அந்த ஜாதிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் அதைத்தான் பிளந்தார்கள். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்தின் குவாங்டுங் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் நார் இன்னும் அடர்த்தி, கணு இன்னும் தூரம். 1950-ல் அமெரிக்கா சீனாவுடன் வியாபாரத்தை நிறுத்தியதும் அந்த மூங்கிலும் கிடைக்கவில்லை. கண்ணாடி இழைக் கோல் பரவியது. 1970-களில் கார்பன் இழை வந்தது. அதுவும் முதலில் ஆகாய விமான ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தில் உருவான சரக்கு.

இன்றைக்கு மூன்றும் கிடைக்கின்றன. மூங்கில் அழகு, விலை எட்டாது, பராமரிப்பு ஜாஸ்தி. கார்பன் மிக இலேசு. ஏழடிக் கோல் 70, 80 கிராம்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் விறைப்பு. கண்ணாடி இழையைப் "பழைய சரக்கு" என்று பலர் ஒதுக்குகிறார்கள். சின்ன ஓடைக்கு அதுதான் தோதான சரக்கு! கொஞ்சம் கனம், ஆனால் அடிவரை வளைகிறது, எட்டடிக் கயிற்றுக்கும் இணங்குகிறது, கல்லில் மோதினாலும் எளிதில் உடையாது. விலையும் பொதுவாகக் குறைவு. பாசிக் கல்லில் வழுக்கி விழாத ஓடைக்காரர் உண்டா? விழுந்தால் கார்பன் கோல் உடையும். கண்ணாடி இழைக் கோல் பிழைக்கப் பார்க்கும்.

விளையாட்டுக் கோல் வேண்டாம்

இலேசு நல்லது என்றதும் சிலர் எல்லையைத் தாண்டி விடுகிறார்கள். 1-ம் எண், பூஜ்யம் எண் என்றுகூடக் கோல்கள் வருகின்றன. சாண் நீள மீன்கூடச் சுறாவைப்போல இழுக்கும். ஜாலியாக இருக்கும் என்கிறார்கள்.

ஜாலி யாருக்கு? மீனுக்கு அல்ல. கோல் மிக மெலிந்தால் மீனைக் கரைக்குக் கொண்டுவர நேரம் ஆகிறது. அதுவரை மீன் போராடுகிறது. மூச்சு முட்டுகிறது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் ஓடை 20 டிகிரியைத் தாண்டினால் சும்மா இருப்பதே அதற்குச் சிரமம். அப்போது ஐந்து நிமிஷம் இழுத்தடித்துவிட்டு, "பார், விட்டுவிட்டேன்" என்று தண்ணீரில் போட்டால், கண் மறைவில் செத்துப்போகும். சட்டியில் விழுந்தாலாவது ஒரு வேளைக் குழம்பு மிஞ்சும்.

3-ம் எண்ணுக்குக் கீழே போக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். முனை நரம்பும் தேவைக்கு மேல் மெலிந்திருக்கக் கூடாது. கோலைவிட நரம்புதான் முதலில் அறுகிறது. மீனை விட்டுவிடுகிற எண்ணம் உள்ளவர் முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். இரண்டு விநாடி வேலை. கை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். அந்த வழுவழுப்பே அதற்குக் கவசம்.

ரீலுக்குக் கொட்டும் பணம்

கோலில் மிச்சம் பிடித்ததை ரீலில் தொலைக்கிறவர்கள் உண்டு. பெரிய மீன் நூறு அடி கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும் இடத்தில் நல்ல ரீல் வேண்டும். பத்தடி ஓடையில் மீன் எங்கே ஓடப்போகிறது? அங்கே ரீல் என்பது நூல் சுற்றி வைக்கும் கட்டை. சுழன்றால் போதும். துருப்பிடிக்காமல் இருந்தால் போதும்.

காசைப் போடவேண்டிய இடம் கயிறுதான். அதிலும் இருமுனையும் மெலிந்த கயிறாக வாங்குவது புத்திசாலித்தனம். ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பழைய சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்ட நம் ஊர்க் குமாஸ்தாக்களுக்கு இது புதிதல்ல.

ரீலே இல்லாத கோலும் உண்டு. ஜப்பானிய மலைவாசிகள் பிடித்த முறை அது. நீண்ட கோல், அதன் நுனியில் நேரே கட்டிய இலேசான கயிறு, முனையில் பொய்ப் பூச்சி. இப்போது உலகமெங்கும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். புல்வெளி ஓடைக்கு அது அற்புதம். சோலைக்குள் பன்னிரண்டடிக் கோல் ஆகாது. வல்லத்துப் பையனிடம் அதைக் காட்டினால் சிரிப்பான். புழுவுக்குப் பதில் இறகு என்பது ஒன்றுதான் அவனுக்குப் புதிது.

பழக்கம் களத்துமேட்டில்

வீசப் பழகுவதற்கு மலைக்குப் போகவேண்டியதில்லை. அறுவடை முடிந்த களம் போதும். முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, இருபதடி தூரத்தில் ஒரு முறத்தை வைத்து, அதற்குள் விழும்படி வீசலாம். ஒரு மாதம் மாலையில் கால் மணி நேரம் பழகினால் கை வந்துவிடும். தூரம் அல்ல குறி; முறத்துக்குள் மெல்ல விழ வேண்டும். தொப்பென்று விழுந்தால் ஓடையில் மீன் இராது. பிறகு மண்டியிட்டு வீசிப் பழக வேண்டும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன். பின்னாலிருந்து, நிழல் விழாமல், குனிந்து நெருங்குகிறவருக்குத்தான் கிடைக்கும். அப்படி நெருங்கத் தெரிந்தவருக்கு நீண்ட வீச்சே தேவைப்படாது.

கோலும் வீணாகாது. மலைக்குப் போவது வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். மற்ற நாளெல்லாம் ஏரி இருக்கிறது, சங்கராபரணி ஆற்று மடுக்கள் இருக்கின்றன. மாலை மங்கும் நேரத்தில் கெண்டைகள் மேலே வந்து மிதக்கும் பூச்சியைக் கொத்தும். அதே 3-ம் எண் கோலில் சின்னஞ்சிறு பூச்சியைக் கட்டி வீசினால் கெண்டையும் கொத்தும். சென்னை மாகாணத்தில் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்திய ஆறுகளின் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதோடு நிற்காமல், 1887-ல் ஏரி குளங்களில் மீன் பிடிப்பதைப் பற்றித் தனியாகவே இன்னொரு புத்தகம் போட்டார். துரைக்கே நம் குளம் அலுக்கவில்லை!

கோலை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த ஓடையில் பிடிக்க அனுமதி உண்டு, எந்த மாதத்தில் உண்டு என்று உதகையில் மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் விசாரித்துக்கொள்ள வேண்டும். டிரவுட் இருக்கும் நல்ல ஓடைகளில் பல, காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. முக்குருத்தி 1990-லிருந்து தேசியப் பூங்கா. காலே வைக்க முடியாத இடத்துக்குக் கோல் வாங்கி என்ன பயன்? மழைக்காலத்தை விட்டுவிட வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிக் கொட்டும் மலையில் முழங்கால் அளவு ஓடை, ஒரு மணி நேரத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, அடியில் கூழாங்கல் தெரிகிற நாளில் போனால் ஏழடிக் கோலுக்கு வேலை இருக்கும்.